செங்கல் நிறம்

அம்சவல்லி ஸ்பிரிட் விளக்கில் காட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தது அவள் புருஷன் உத்திராபதியின் மூத்திரம் இல்லை, எதிர்வீட்டுத் தங்கையனுடையது. ஊரில் இந்த ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கொடுத்தவன் ஒருத்தன், வாங்கியவன் ஒருத்தன்.

எல்லாம் சுழியத்தால் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் தங்கையன் பெண்டாட்டி காளியம்மாள் வெல்லப் பூரணம் வைத்துச் சுழியம் சுட்டாள். வாசனை தெருவைத் தாண்டி வந்து உத்திராபதியின் சட்டையைப் பிடித்து இழுத்தது. சர்க்கரை வியாதிக்காரன் ஒன்று தின்றால் குற்றம், இரண்டு தின்றால் பாவம். உத்திராபதி பாவ புண்ணியக் கணக்கெல்லாம் பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று முடிவு கட்டி, தட்டைக் காலி செய்துவிட்டு வந்தான்.

விடிந்தால் பரிசோதனை. அம்சவல்லி கையில் சீசாவைத் திணித்து, "போயிட்டு வாங்க" என்றாள். வாய்க்கால் கரைக்குப் போனான். அங்கே தங்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரும்பில் வார்த்த ஆள்போல நின்றிருந்தான்.

"மச்சான், ஒரு உதவி" என்று சீசாவை நீட்டினான் உத்திராபதி.

"அடச்சீ! இதையெல்லாமா கடன் கேப்பே?"

"கடன் இல்ல மச்சான், தானம். உன் உடம்புல ஓடுறது இளநி. அவகிட்ட காட்டுனா நீலமா நிக்கும். எனக்கு ரெண்டு நாளைக்காவது வயிறார சோறு கிடைக்கும்."

தங்கையன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தான்.

மன்னார்குடி டாக்டர் அம்சவல்லிக்குப் பாடமே நடத்தியிருந்தார். நீல மருந்தில் சில சொட்டு விட்டுச் சுட வை. நீலமாகவே நின்றால் நல்லது, பச்சை வந்தால் பாதகமில்லை, மஞ்சள் வந்தால் ஜாக்கிரதை, செங்கல் நிறம் வந்தால் ஊசி மருந்தைக் கூட்டு. அம்சவல்லி தரங்கம்பாடியில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். டாக்டர் ஒரு தடவை சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். டாக்டர் உத்திராபதியைப் பார்த்து, "நீங்க குடுத்து வெச்சவர்" என்றார். "ஆமாங்க, இவ அப்பாவுக்கு நிறைய வாக்குக் குடுத்து வெச்சிருக்கேன்" என்றான் இவன். டாக்டர் சிரித்தார். அம்சவல்லி சிரிக்கவில்லை. அவன் சொல்லும் எதற்கும் அவள் சிரித்ததில்லை.

இப்போது குழாய்க்குள் நீலம் கலங்கியது. பச்சையானது. பச்சையில் நிற்காமல் மஞ்சளானது. மஞ்சளிலும் நிற்காமல், சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரிச் செங்கல் நிறத்துக்கு வந்து பொங்கி, அம்சவல்லியின் விரலைச் சுட்டது.

அவள் விரலை உதறிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "என்னத்த தின்னீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் தின்னாம இந்தக் கலர் வராது. மானங்கெட்ட மனுஷன். நான் இங்க அடுப்புல வேவறேன், நீங்க ஊர் அடுப்பெல்லாம் மேயறீங்க."

உத்திராபதி கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் திருட்டு வெளியாகும். தங்கையனின் இளநீர் எப்படிச் செங்கல்லானது? சீசாவைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது, தன்னுடைய பழைய பாவம்தான் அடியில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

ஈரமணல் நிரப்பிய பானைக்குள்ளிருந்து அவள் மருந்துப் புட்டியை எடுத்தாள். கொதிநீரில் கிடந்த ஊசியைக் கோர்த்தாள். வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றினாள்.

"நான் செத்தா உனக்கு என்னடி நஷ்டம்?" என்றான். சண்டை வரும்போதெல்லாம் கேட்கிற கேள்விதான்.

"கையை நீட்டுங்க" என்றாள். அதுவும் எப்போதும் சொல்கிற பதில்தான்.

குத்தினாள். "இன்னிக்குச் சோறு கிடையாது. கூழ் இருக்கு. குடிச்சிட்டு வயலுக்குப் போங்க."

ரோஷத்தில் உத்திராபதி கூழைக் கோழிக்கு ஊற்றிவிட்டு, வெறும் வயிற்றோடு அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினான்.

அன்றைக்குச் சாதாரண நாள் இல்லை. சம்பா அறுவடையின் முதல் அரிவாள். உத்திராபதியும் தங்கையனும் பக்கத்துப் பக்கத்து வயல்களில் பெரிய பண்ணையின் குத்தகைக்காரர்கள். அவர்கள் அப்பன்மார் அதே மண்ணில் கூலிக்கு உழைத்தவர்கள். உழுபவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள், ஆட்சி மாறியது, சுவர்களில் உதயசூரியன் மேல் இரட்டை இலையைத் தீட்டினார்கள். பண்ணையின் சுவர் மட்டும் பண்ணையுடையதாகவே இருந்தது. இரண்டு பேரையும் வெளியேற்றப் பண்ணை கோர்ட்டுக்குப் போயிருந்தது. நிலம் யார் அனுபோகத்தில் இருக்கிறது என்பதுதான் வழக்கு. அதனால் முதல் அரிவாளை யார் போடுகிறார்கள் என்பதை ஊரும் பார்க்கும், பண்ணையும் பார்க்கும். பண்ணை ஆட்கள் முந்திக்கொண்டு ஒரு கைப்பிடி அறுத்துவிட்டால் போதும், கோர்ட்டில் போய் நாங்கள்தான் அறுத்தோம் என்று சத்தியம் பண்ண அவர்களுக்குச் சாமிகள் நிறைய உண்டு.

பண்ணைக் காரியஸ்தர் உலகநாதன், தடிக்காரர்கள் நாலைந்து பேரோடு வரப்பில் குடை பிடித்து நின்றார். பனி விலகாத காலையில் குடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. காரியஸ்தருக்கு அது கொடி.

"என்ன உத்திராபதி, ஊசி ஆச்சா?" என்றார். "நல்லாப் போட்டுக்க. கேஸ் உன் பேர்லதானே இருக்கு? தீர்ப்பு வர்ற வரைக்கும் உன் பொண்டாட்டி உன்னை ஊசியில நிறுத்தி வெச்சிருப்பா. தீர்ப்பு வந்த அன்னிக்கு வெல்லப் பானையத் தூக்கி உன் முன்னாடி வெப்பா பாரு."

தடிக்காரர்கள் சிரித்தார்கள். உத்திராபதியும் சிரித்தான். ஆனால் அந்தப் பேச்சு நத்தை ஓடு மாதிரி உள்ளங்காலில் ஏறிக்கொண்டது. ஏனென்றால் அது அவனே பல நாள் யோசித்ததுதான்.

வயலின் வடகிழக்குச் சனிமூலையில் அம்சவல்லியும் காளியம்மாளும் வாழையிலை போட்டுப் பச்சரிசி, வெல்லம், தேங்காய் வைத்துப் படையல் இட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தெருவில் படித்த பெண்பிள்ளை அம்சவல்லி ஒருத்திதான். அதை அவள் மறந்தாலும் காளியம்மாள் மறக்கவிடுவதில்லை.

உத்திராபதி வயலில் இறங்கினான். கால் யாருடைய காலோ போல இருந்தது. பனிக்காற்றில் வேர்வை வழிந்தது. கை நடுங்கியது. பண்ணைக் குடை இரண்டாகத் தெரிந்தது.

"உலகநாதரே, குடைக்கும் ஒரு குடை பிடிச்சிருக்கீங்களே, அது எந்தக் குடைக்கு?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தொடர்ந்து, நெல்லு எல்லாம் எழுந்து நின்று ஓட்டுப் போடுகிறது, எண்ணுங்கள் என்றான். மேலும் சிரித்தார்கள். "காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டான்யா" என்றான் ஒரு தடிக்காரன். தங்கையன், "மாப்ளே, கதிரறுத்துட்டுக் கதை சொல்லு" என்றான். வாழ்நாள் முழுக்க உளறியே பிழைத்த ஒருத்தன் சாகப்போகும்போது உளறினால் யாருக்கு வித்தியாசம் தெரியும்?

அவன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். மிகுந்த மரியாதையோடு, "அம்மா, நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உக்காருங்க" என்றான்.

அம்சவல்லி நிமிர்ந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை. கேலிக்குக்கூடச் சொன்னதில்லை.

அவள் படையலைத் தாண்டி ஓடி வந்தாள். அதற்குள் அவன் சேற்றில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டான். அடுத்து அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தலை அவள் மடியில் இருந்ததும், அவள் விரல்கள் அவன் கடைவாயை நெம்பியதும்தான். வாய்க்குள் ஏதோ உருண்டது. ஈரமாக, கரகரவென்று. வெல்லம்! வருஷக்கணக்காக அவன் கண்ணில்கூடக் காட்டாத வெல்லத்தை அவள் அவன் கன்னத்துக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்குங்க! முழுங்கித் தொலைங்க!"

"சாமிக்கு வெச்சதை எடுத்துட்டாளே பாவி!" என்று காளியம்மாள் கத்தினாள்.

"சாமி அப்புறம் தின்னுக்கும்!"

கொஞ்ச நேரத்தில் இரண்டு குடை ஒரு குடையானது. உத்திராபதி எழுந்து உட்கார்ந்து, வாயில் மிச்சமிருந்ததை அவசரமில்லாமல் சப்பினான். இப்படி ஒரு சாவு தினமும் வரக்கூடாதா என்று இருந்தது.

உலகநாதன் குடையை மடக்கினார். "ஆளு விழுந்துட்டான். சகுனம் சரியில்ல. நம்ம பசங்க இறங்கட்டும்" என்றார். தடிக்காரர்கள் வரப்பை விட்டுக் கால் வைத்தார்கள்.

அம்சவல்லி புருஷனின் இடுப்பிலிருந்து அரிவாளை உருவினாள். சனிமூலைக்கு நடந்து, குனிந்து, ஒரு கைப்பிடிக் கதிரை அறுத்து, உலகநாதன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "பாத்துக்குங்க. நல்லாப் பாத்துக்குங்க." பிறகு அறுப்புக்கு வந்து நின்ற விவசாயச் சங்கத்து ஆட்களைப் பார்த்து, "ம், என்ன வேடிக்கை? அறுங்க!" என்றாள். ஆட்கள் மொத்தமாக இறங்கிவிட்டார்கள். தடிக்காரர்கள் வைத்த காலை எடுத்துக்கொண்டார்கள்.

அவள் அரிவாளோடு திரும்பி வந்து புருஷன் முன்னால் நின்றாள். "செங்கல் நிறத்துக்கு அந்த அளவு போட்டா சர்க்கரை இப்படி ஒரேயடியா இறங்காது. உண்மையச் சொல்லுங்க. காலையில குடுத்தது யாருது?"

உத்திராபதி அரிவாளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அரிவாளே தேவலை என்று பட்டது.

"தங்கையனுது" என்றான்.

முதலில் வெடித்தவர் உலகநாதன்தான். "அடேய்! மூத்திரத்தைக்கூடக் குத்தகைக்கு எடுத்துட்டானுவளா!"

பண்ணை ஆளும் சங்கத்து ஆளும் அந்த வயலில் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். அம்சவல்லி மட்டும் தங்கையனிடம் போனாள்.

"அண்ணே, இது சிரிக்கிற காரியம் இல்ல. அது உங்களுதுன்னா சர்க்கரை உங்களுக்கு இருக்கு. இவரைவிட அதிகமா இருக்கு. நாளைக்கே டவுனுக்குக் கிளம்புங்க."

தங்கையனின் முகம் கருத்தது. அதற்குள் காளியம்மாள் வந்துவிட்டாள். "ஏன்டி! முதல் அரிவாள் அன்னிக்கு, ஊரு கூடியிருக்கிற எடத்துல, கல்லு மாதிரி இருக்கிற மனுஷனுக்குச் சீக்குங்கிறியே, உன் நாக்குல புழு வெக்காது? உன் வீட்டுச் சீக்கை என் வீட்டுக்கு எழுதி வெக்கிறியா? படிச்ச புத்தி!"

"அண்ணி, நான் சொல்றதை..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்! புருஷன் மூத்திரத்தைச் சுட வெச்சுப் பாக்கிறவ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா."

அன்றோடு எதிர்வீட்டுப் படல் சாத்திக்கொண்டது. தங்கையன் வாய்க்கால் கரையில் வேறு இடம் பார்த்துக்கொண்டான். எதிரே வந்தால் துண்டை உதறிவிட்டுப் போனான்.

உத்திராபதிக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தங்கையன் சமீப காலமாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தது. சங்கக் கூட்டத்தில் பாதியில் பாதியில் எழுந்து போனது. சட்டை தோளில் தொங்கியது. உடம்புச் சூடு என்று எல்லோரும் சொன்னார்கள். வாய்க்கால் கரையில் தங்கையன் வழக்கமாக நிற்கும் இடத்தில் எறும்பு மொய்த்ததைக்கூட இவன் பார்த்திருக்கிறான். "மச்சான், உனக்கு எறும்பு ரசிகர் மன்றம் வெச்சிருக்கு" என்று கேலி செய்திருக்கிறான்.

கோடை உழவில் தங்கையனின் உள்ளங்காலில் நத்தை ஓடு கிழித்தது. அது இந்த மண்ணில் எல்லோருக்கும் கிழிப்பதுதான். மஞ்சளை அப்பினால் ஆறிவிடும். தங்கையனுக்கு ஆறவில்லை. அம்சவல்லி இரண்டு முறை போய்ப் படலைத் தட்டினாள். "பின்னாடி வருத்தப்படுவீங்க அண்ணி, டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். முதல் முறை படல் திறக்கவில்லை. இரண்டாம் முறை படலுக்கு மேலே சாணித் தண்ணீர் வந்தது.

மூன்றாவதாக உத்திராபதி போனான். தங்கையன் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான். கட்டுத் துணியின் வாடை வாசலிலேயே வந்தது.

"மச்சான், நான் விளையாட்டுக்குச் சொல்லல. வண்டி கட்டுறேன், வா."

தங்கையன் அவனை உற்றுப் பார்த்தான். "ரேடியோவுல என் பேரைச் சொன்னாங்கன்னு டீக்கடை வரைக்கும் ஓட வெச்சியே, அதே மூஞ்சி. நல்லா வெச்சுக்கிறே மாப்ளே, இந்த மூஞ்சிய."

"சத்தியமா மச்சான்."

"பண்ணைக்காரன் கோர்ட்ல பண்ணுறதும் சத்தியம்தான். ஊரு முன்னாடி என் மானத்தை வாங்கினது போதாதா? எந்திரிச்சுப் போ."

உத்திராபதிக்கு எப்படிக் கெஞ்சுவது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் ஒரு வார்த்தையையாவது நேராகச் சொல்லிப் பழகியிருந்தால் இப்போது அது உதவிக்கு வந்திருக்கும். அழுகை வந்தது. அதையும் தங்கையன் நடிப்பு என்றே நினைத்தான். கொஞ்சம் சிரித்துக்கூட வைத்தான்.

கால் கறுத்த பிறகுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்தும் பலனில்லை. குறுவை நாற்று விடுகிற சமயத்தில் தங்கையனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். உத்திராபதி பாடைக்குத் தோள் கொடுக்கப் போனான். தங்கையனின் பங்காளிகள் அவன் கையைத் தட்டிவிட்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை காளியம்மாள் தெருவைத் தாண்டி வந்தாள். வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்சவல்லி முன்னால் நின்றாள். உத்திராபதி மாட்டுக் கொட்டகையில் தவிட்டுத் தொட்டிக்கு மேல் குனிந்தபடி உறைந்தான்.

"ஏன்டி, நீ படிச்சவதானே?"

அம்சவல்லி நெல்லிலிருந்து கையை எடுத்தாள்.

"சர்க்கரைன்னே. டவுனுன்னே. பின்னாடி வருத்தப்படுவீங்கன்னே. வருத்தம் எனக்குப் புதுசா? செத்துடுவான்னு சொன்னியா? 'காளி, உன் புருஷன் செத்துடுவான்டி'ன்னு ஒரு வார்த்தை என் மூஞ்சிக்கு நேரே சொன்னியா?"

"தாலியோட நிக்கிறவகிட்ட அதை எப்படி அண்ணி..."

"சொல்லியிருக்கணும்டி! நான் உன்னை அடிச்சிருப்பேன். மயிரைப் பிடிச்சு இழுத்திருப்பேன். ராத்திரி தூக்கம் வராம விடிஞ்சதும் அவனை இழுத்துக்கிட்டு ஓடியிருப்பேன்." அவள் குரல் உடையவில்லை, கல்லாகவே இருந்தது. கொட்டகைப் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்க வெளாட்டு நல்லா இருந்துச்சு" என்றாள். காய்ந்துகொண்டிருந்த நெல்லை மிதித்துக்கொண்டே போய்விட்டாள்.

அம்சவல்லி மிதிபட்ட நெல்லைக் கையால் பரப்பிவிட்டாள். பரப்பிய இடத்தையே மறுபடி மறுபடி பரப்பினாள். பிறகு உள்ளே போனாள். விளக்கை ஏற்றி, அவன் காலையில் கொடுத்த சீசாவை எடுத்தாள். இந்த முறை அவனுடையதேதான். குழாயில் நீலம் பச்சையாகி, பச்சையிலேயே நின்றது.

ஊசியோடு வந்தாள். உத்திராபதி கையை நீட்டவில்லை.

"எதிர்வீட்டுக்காரன் போயிட்டான். அவனுக்கு வந்த சீக்குதான் எனக்கும். நான் இருக்கேன். எதுக்குடி என்னை நிறுத்தி வெச்சிருக்கே? கேஸுக்கா?"

"கையை நீட்டுங்க."

"மாட்டேன். சொல்லு."

வழக்கமாக இந்த இடத்தில் அவனுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வரும். வரவில்லை. அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"கேஸுக்கு நீங்க வேண்டியதில்ல. நீங்க செத்தா குத்தகை எனக்கு வரும். கூட உழைச்ச பொண்டாட்டிக்கு வரும்னு சட்டத்துலயே இருக்கு, படிச்சுட்டேன். முதல் அரிவாள் நான் போட்டேன். உலகநாதனே சாட்சி."

"அப்புறம்?"

"எனக்கு நர்ஸ் படிக்க இடம் வந்துச்சு. எங்கப்பா அதைக் கிழிச்சுப் போட்டுட்டு உங்களுக்குக் கட்டி வெச்சாரு. உங்களைப் பாக்கிறப்பல்லாம் அது எரியுது. இன்னிக்கும் எரியுது. நீங்க ஜோக்கு சொன்னா இன்னும் எரியுது." அவள் மூச்சு விட்டாள். "அன்னிக்கு வயல்ல என்னை 'நீங்க'ன்னீங்க. வெல்லத்தை உடைக்கப் போனேன், கை நடுங்குது, உடையல. பல்லால கடிச்சு உடைச்சு உங்க வாயில வெச்சேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. நீங்க சாவக் கூடாது. எனக்கு நீங்க வேணும். பிடிக்குதான்னு மட்டும் கேக்காதீங்க, அது எனக்குத் தெரியல. வேணும். அவ்வளவுதான்."